தோல், கேடயம், யானை

இயந்திரத்தில் பின்னிய கவசங்களைப் பற்றியும் மிருகச் சருமங்களைப் பற்றியும் எழுதுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே நான் பேசப்போகும் பின்னல் படைப்புகளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அச்சில் வந்த படங்கள், திரையில் பெரிதாக்கிப் பார்த்த புகைப்படங்கள், அவற்றோடு வந்த விவரக் குறிப்புகள், இவ்வளவுதான் என் கையிருப்பு. கம்பளியைத் தொடாமல் கம்பளியைப் பற்றி எழுதுகிறேன். நம் வட்டத்துக்கு இது புதிதல்ல. மங்கலான கறுப்பு வெள்ளை அச்சில் செஸானைப் பார்த்துவிட்டு அவருடைய வண்ணங்களைப் பற்றி இரவெல்லாம் வாதாடியவர்கள் நாம். குறையை மறைத்துக்கொண்டு எழுதுவதைவிட, அதையும் கட்டுரைக்குள் ஒரு பிரச்னையாக வைத்துக்கொள்வது நேர்மை என்று படுகிறது.

எழுதத் தூண்டியது ஒரு வாக்கியம். கவசம், தலைச்சீரா, வீரனின் உடை என்று எதைப் பின்னல் துணியில் செய்தாலும் அதைப் பாராட்ட ஒரே வாக்கியம் தயாராக இருக்கிறது: இரும்பின் கடினம் கம்பளியின் மென்மையாகிவிட்டது, இந்த முரண்தான் படைப்பின் கவித்துவம். எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒரு சிறு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், நண்பர்கள் தலையாட்டினார்கள். பிறகு யோசித்ததில், அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குப் படைப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தது. தலைப்பும், எதனால் செய்யப்பட்டது என்ற தகவலும் இருந்தால் போதும். பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய பாராட்டு விமர்சனமாகாது. அதை இங்கே வாபஸ் வாங்குகிறேன். அது சரித்திரப்படியும் தப்பு, பின்னலின் சுபாவப்படியும் தப்பு.

சரித்திரத்தை முதலில் பார்க்கலாம். ஐரோப்பிய வீரன் அணிந்த சங்கிலிக் கவசம் பல ஆயிரம் சிறு இரும்பு வளையங்களால் ஆனது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு வளையமும் வேறு நான்கு வளையங்களுக்குள் நுழைந்திருக்கும். முனைகளைத் தட்டையாக்கிச் சிறு ஆணி அடித்து மூடியிருப்பார்கள். வாளின் வெட்டை அது தடுக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சியை அதனால் தாங்க முடியாது, எலும்பு முறிந்துவிடும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது உள்ளே அணிகிற தடித்த சட்டை. துணிக்கு நடுவே பஞ்சையோ கந்தலையோ திணித்துத் தைத்தது. அதாவது கவசத்தின் பாதி எப்போதுமே துணிதான். இரும்புக்குள் மென்மையைக் கண்டுபிடித்தது இன்றைய கலைஞன் என்று நாம் சொல்லும்போது, பழைய போர்வீரன் தன் விலாவில் உணர்ந்திருந்த ஒன்றை அவனிடமிருந்து திருடிக்கொள்கிறோம்.

கம்பளிப் பின்னலும் போர்க்களத்துக்கு அந்நியமானதல்ல. 1854ல் கிரிமியப் போரில் பலாக்லாவா என்ற இடத்தில் நடந்த சண்டையின் பெயர்தான், தலையையும் கழுத்தையும் முகத்தையும் மூடும் பின்னல் குல்லாவுக்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அன்று குதிரைப் படையை பீரங்கிகளுக்கு எதிரே நடத்திச் சென்றவர் கார்டிகன் பிரபு. அவர் பெயர் இன்று முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளிச் சட்டையின் பெயர். ஒரு படுதோல்வியின் ஞாபகம் உலகம் முழுவதும் துணிக்கடை அலமாரிகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடினம், மென்மை என்ற ஜோடி இங்கே எந்த உதவியும் செய்வதில்லை.

இனி பின்னலின் சுபாவம். நெசவில் பாவு உண்டு, ஊடை உண்டு. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பிடித்துக்கொள்கின்றன. சாதாரணப் பின்னலில் அந்த இரட்டை இல்லை. ஒரே நூல் வளைந்து, தன் முந்தைய வளைவுக்குள் தானே நுழைந்து, வரிசை வரிசையாக ஏறுகிறது. அந்த வளைவுக்குத் திருப்பூர்க்காரர்கள் லூப் என்கிறார்கள். தமிழில் கண்ணி என்று சொல்லலாம். வலையின் கண்ணுக்கும் அதுதான் வார்த்தை, பறவைக்கு வைக்கிற பொறிக்கும் அதுதான். கண்ணி மூடிய வளையமல்ல. அதை மூடி வைத்திருப்பது அடுத்த கண்ணி மட்டுமே. சங்கிலிக் கவசத்தில் ஒரு வளையம் அறுந்தால் ஒரு ஓட்டை விழும். மற்ற வளையங்கள் அப்படியே இருக்கும். பின்னலில் ஒரு கண்ணி விட்டால் அதன் கீழுள்ளது விடும், அதன் கீழுள்ளதும் விடும். பழைய பனியன் வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும்.

மேடையிலும் சினிமாவிலும் கயிற்றைப் பின்னி வெள்ளிச் சாயம் பூசிச் சங்கிலிக் கவசம் என்று காட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் இந்த ஏமாற்று பலிக்கிறது. கிட்டே போனால் ஒன்று மூடிய வளையங்களின் கூட்டம். மற்றது முழுவதும் ஒரே நூலின் தயவில் நிற்பது. பின்னல் கவசம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, தான் எந்த நிமிஷமும் பிரிந்துவிடலாம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. ஆனால் அதை எல்லாப் பின்னல் கவசங்களும் சொல்வதில்லை. சிலவற்றில் அந்தக் குரலைப் பரிவு வந்து அமுக்கிவிடுகிறது.

அமெரிக்கக் கலைஞர் மார்க் நியூபோர்ட் சித்திரக்கதை நாயகர்களின் உடைகளை முழு ஆளுயரத்துக்கு அக்ரிலிக் நூலில் கையால் பின்னியிருக்கிறார். அவை கொக்கியில் தொங்குகின்றன; கை கால்கள் தொய்ந்து, முகமூடி காலியாக. தானே அவற்றை அணிந்துகொண்டும் தோன்றியிருக்கிறார். ஆண்மையின் பாவனையைக் கேலி செய்கிறது, காப்பாற்ற வேண்டும் என்கிற தகப்பனின் ஆசையையும் காட்டுகிறது என்பதெல்லாம் சரி. ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றுவது, பாவம், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பின்னியிருப்பார் என்பது. கையின் உழைப்பு நம்மிடம் முன்கூட்டியே ஒரு அனுதாபத்தை வசூலித்துவிடுகிறது. அந்த அனுதாபத்துக்குப் பின் படைப்பைப் பற்றிக் கடுமையாக ஒன்றும் கேட்கத் தோன்றுவதில்லை.

ரோஸ்மரி ட்ரோக்கெல் இந்த வசூலை மறுத்தவர். 1952ல் ஷ்வெர்டெயில் பிறந்த ஜெர்மானியர். எண்பதுகளின் நடுவில் அவர் செய்த பின்னல் சித்திரங்களில் அவர் கை பட்ட நூல் இல்லை. வடிவத்தைத் தீர்மானித்துக் கொடுத்தார். கணினியால் இயங்கும் பின்னல் இயந்திரத்தில் வேறொருவர் அதைப் பின்னினார். துணியை ஓவியத்தைப்போல் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். கம்பளி என்றால் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்கிற இளக்காரம், கம்பளியிலிருந்து வருகிறதா, அதைக் கையாளும் விதத்திலிருந்து வருகிறதா என்பது அவருடைய சோதனை. கையை நீக்கிவிட்டுப் பார்த்தார்.

1986ல் பலாக்லாவா என்றே பெயரிட்டு அவர் செய்த குல்லாக்கள் இந்த வகைப் படைப்புகளில் ஆகச் சிறந்தவை என்பது என் கட்சி. கண்களுக்கு மட்டும் வழி விட்டு முகத்தை மூடும் பின்னல் சீரா. அதன் மேல் சீராகத் திரும்பத் திரும்ப வரும் சின்னங்கள்: ஒன்றில் அரிவாள் சுத்தியல், ஒன்றில் ஸ்வஸ்திகா, ஒன்றில் பிளேபாய் பத்திரிகையின் முயல், ஒன்றில் கூட்டல் கழித்தல் குறிகள். எல்லாம் ஒரே இயந்திரத்தின் ஒரே அக்கறையின்மையோடு பின்னப்பட்டவை. இயந்திரத்துக்கு ஸ்வஸ்திகாவும் முயலும் கண்ணிக் கணக்கு மட்டுமே. அணிகிறவனின் முகம் போய்விடுகிறது, சின்னம் மிஞ்சுகிறது. குளிருக்காகவோ பயத்துக்காகவோ தலையை மூடிக்கொள்ளும்போது நாம் எதற்குள் தலையைக் கொடுக்கிறோம் என்று அது கேட்கிறது. இங்கே அனுதாபத்துக்கு இடமில்லை. எவரும் ராத்திரி முழுவதும் கண் விழித்துப் பின்னவில்லை.

இப்படிச் சொன்னால் இயந்திரத்துக்கு நான் நிரபராதிப் பட்டம் கொடுப்பதுபோல் ஆகிவிடும். அதுவும் சரியல்ல. நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வெர்ட்டன் ஊர்க்காரர் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தது 1589ல். இரு நூற்றாண்டுக்குப் பின் 1811ல் அதே பகுதியில் பின்னல்காரர்கள் சட்டகங்களை உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்ற பெயரை இயந்திரத்தைக் கண்டு மிரளும் மூடர்களுக்கு வசவாக இன்றும் உபயோகிக்கிறோம். ஆனால் அவர்கள் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து பிழைத்தவர்கள். அவர்களுடைய கோபங்களில் ஒன்று, அகலமான சட்டகத்தில் துணியைப் பின்னி, அதைக் கத்தரித்துத் தைத்துக் காலுறை என்று விற்ற மோசடி. வெட்டிய ஓரத்தில் கண்ணி நிற்காது, பிரிந்து ஓடும். தொழிலின் பெயரே அதோடு கெடும். கண்ணியின் சுபாவம் தெரிந்தவர்களின் ஆத்திரம் அது. சட்டகத்தை உடைத்தால் மரணதண்டனை என்று 1812ல் சட்டம் கொண்டுவந்தபோது பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் பைரன். அவருடைய கன்னிப் பேச்சு அது. இயந்திரப் பின்னலைக் கலையாகப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ரெடி ராபின்ஸின் 'க்ராஃப்ட் கில்ஸ்', 2002ல் செய்தது, இதைச் சேர்த்துப் பார்க்கிறது என்று நினைக்கிறேன். இங்கிலாந்துப் பெண் கலைஞர். அவருடைய உருவமே ஆளுயரத்துக்குப் பின்னல் தோலாக நிற்கிறது. உடம்பெங்கும் பின்னல் ஊசிகள் குத்தி நிற்கின்றன, அம்பு தைத்த புனித செபாஸ்தியானைப்போல. 2001 செப்டம்பருக்குப் பின் விமானங்களில் பின்னல் ஊசியையும் ஆயுதமாகக் கருதிப் பறித்துக்கொண்ட காலம் அது. இதில் நான் கவனித்த ஒரு விஷயம்: உருவம் இயந்திரத்தில் பின்னப்பட்டது; குத்தியிருப்பவை கைப்பின்னல் ஊசிகள். இந்தத் தோலை அந்த ஊசிகள் உருவாக்கவே இல்லை. தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத ஒரு கைத்தொழில், தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒன்றின் மேல் வந்து பாய்ந்திருக்கிறது என்றும் படிக்கலாம். கைத்தொழிலைப் பற்றிய நம் பக்தியே அந்த உடம்பைக் குத்துகிறது என்றும் படிக்கலாம். கர்ணனின் கவசம் நமக்குத் தெரியும். உடம்போடு பிறந்ததைத் தானே அறுத்துக் கொடுத்தான். இங்கே அறுத்து எடுத்தபின் மிஞ்சிய கவசம் தனியாக நிற்பதுபோல் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றதும் மிருகத்துக்கு வருகிறேன். கவசத்தையும் மிருகத்தையும் சேர்த்து நினைப்பது மனிதனின் பழைய பழக்கம். பழந்தமிழில் தோல் என்றால் சருமம். கேடயத்துக்கும் அதே சொல். யானைக்கும் அதே சொல். ஒரே ஓசையில் மூன்றும் இருக்கின்றன. பாம்பு உரிப்பதையும் நாம் சட்டை என்றுதான் சொல்கிறோம். மிருகத்தின் மேல்பரப்பைப் பார்த்ததும் நமக்கு அணியக்கூடிய ஒன்றாகத் தெரிகிறது.

இதன் உச்சம் ட்யூரரின் காண்டாமிருகம். குஜராத் சுல்தான் கொடுத்த மிருகம் கோவா வழியாகக் கப்பலேறி 1515 மே 20ல் லிஸ்பனில் இறங்கியது. நியூரம்பர்கில் இருந்த ட்யூரர் அதைப் பார்க்கவில்லை. ஒரு வர்ணனையும் ஒரு கோட்டுச் சித்திரமும் கிடைத்தன. அவற்றை வைத்து மரச்செதுக்குச் சித்திரம் செய்தார். கவசக் கொல்லர்களின் ஊரில் உட்கார்ந்து செதுக்கியதாலோ என்னவோ, தோல் மடிப்புகளெல்லாம் தகடுகளாயின. கழுத்துக்குத் தனித் தகடு, ஓரங்களில் ஆணி அடித்ததுபோல் புள்ளிகள், பிடரிக்குக் கீழே இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. அதற்குப் பின் பல தலைமுறை ஐரோப்பியர்களுக்குக் காண்டாமிருகம் என்றால் இதுதான். நிஜமான மிருகம் போப்பாண்டவருக்குப் பரிசாக மறுபடி கப்பலேற்றப்பட்டது. 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே கப்பல் மூழ்கியபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்த முடியாமல் செத்தது. சித்திரத்தில் அதற்குக் கவசம் கிடைத்தது. கடலில் அதன் உடம்பில் இருந்த இரும்பு சங்கிலி மட்டுமே.

லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸில் ஒரு யானைக் கவசம் இருக்கிறது. வட இந்தியாவில் 1600ஐ ஒட்டிச் செய்தது. முதலில் 8,439 இரும்புத் தகடுகள் இருந்திருக்கின்றன, மிஞ்சியிருப்பவை 5,840, அவற்றின் எடையே 118 கிலோ. தகடுகளைச் சங்கிலி வளையங்கள் இணைக்கின்றன. சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கவசம் யாரைக் காப்பாற்ற? யானைக்கு எந்த அரசனோடும் பகை இல்லை. தன் தோலே கேடயமாக இருந்த மிருகத்தின் மேல் இன்னொரு தோலைப் போர்த்தியது, அதன் மேல் உட்கார்ந்திருப்பவனுடைய சண்டைக்காக.

மிருகங்களின் உருவில் பின்னல் செய்கிறவர்களில் பலர் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. அழகான புலித்தோல், அழகான செதில், குழந்தை கட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. நூல் எங்கிருந்து வந்தது என்ற நினைப்புகூட இல்லை. ட்ரோக்கெலின் சித்திரங்களில் உல்மார்க் முத்திரை வரும்; ஆட்டின் மயிர் கடைசியில் ஒரு வியாபாரக் குறியாக நிற்பதை அந்த ஆட்டின் கம்பளிக்குள்ளேயே பின்னிக் காட்டியிருக்கிறார். பிளேபாய் முயலும் அப்படித்தான். மிருகம் காணாமல் போய் அதன் அடையாளம் மட்டும் வரிசையாக ஓடுகிறது. 1997ல் காஸலில் நடந்த டாக்குமென்டாவில் அவரும் கார்ஸ்டன் ஹோலரும் பன்றிகளுக்கும் மனிதர்களுக்கும் சேர்த்து ஒரு வீடு கட்டினார்கள். நடுவில் கண்ணாடி. மனிதர்களுக்குப் பன்றிகள் தெரியும்; பன்றிகளுக்குத் தங்கள் பிம்பம்தான் தெரியும். பின்னல் இல்லாத இந்தப் படைப்பு, பின்னல் படைப்புகளைப் புரிந்துகொள்ள உதவுகிறது. நாம் போர்த்துகிற எதையும் மிருகம் கேட்டதில்லை, பார்த்ததுகூட இல்லை.

இங்கே என் கட்சி ஆட்டம் காண்கிற ஒரு இடம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கலைஞர் அன்னெட் மெஸாஜே 1971-72ல் செத்துப்போன சிட்டுக்குருவிகளை எடுத்து, பாடம் பண்ணி, ஒவ்வொன்றுக்கும் அளவாகச் சின்னஞ்சிறு கம்பளி உறை பின்னி, வரிசையாகப் படுக்க வைத்தார். முழுக்க முழுக்கக் கைப்பின்னல். என் கணக்குப்படி இது பரிவில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சிறகு இருக்கிற உடம்புக்கு, அதுவும் செத்த உடம்புக்கு, சட்டை போடுகிற கையின் அன்பு பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற குழந்தையின் பிடிவாதம் அதில் தெரிகிறது. கை நம்மிடம் அனுதாபத்தை வசூலிக்கிறது என்றேன். மெஸாஜே அதை வசூலித்து, அதையே நம் மேல் திருப்பிவிடுகிறார். ஆகவே இயந்திரம் உயர்ந்தது, கை தாழ்ந்தது என்று கோடு கிழித்துவிட முடியாது. போர்த்துகிறவர் தான் போர்த்துகிற உடம்பைத் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறாரா என்பதுதான் கேள்வி. இயந்திரம் அதைச் சுபாவத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதற்கு உடம்பு என்பது எண். கையால் செய்கிறவர் அந்த அறியாமையை வலிந்து சம்பாதிக்க வேண்டும். மெஸாஜே சம்பாதித்திருக்கிறார். நியூபோர்ட்டின் உடைகளில் எனக்கு அது தெரியவில்லை.

இதைச் சொல்லும்போதே முதல் பாராவில் ஒப்புக்கொண்டது என் கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு கடிதத்தையும் கோட்டுச் சித்திரத்தையும் வைத்துக்கொண்டு தகடும் ஆணியும் அடித்தவரைப் பற்றி எழுதினேன். நான் செய்திருப்பதும் அதுதான். எனக்குப் பழக்கமான தகடுகளை, கண்ணி என்ற சொல்லை, தோல் என்ற சொல்லை, கர்ணனை, பார்க்காத உடம்புகளின் மேல் பொருத்தியிருக்கிறேன். அவற்றில் எது நிஜமான மடிப்பு, எது நானாக முளைக்க வைத்த குட்டிக் கொம்பு என்று எனக்கே நிச்சயமில்லை. ட்யூரரிடம் குறை காண்பதைவிட, அவர் அந்த மிருகத்தைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் என்று நினைப்பது இப்போது சுலபமாக இருக்கிறது.

நேற்று என் பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் வரிசை வரிசையாக அம்பு முனைகள்போல் கீழ் நோக்கிய கூர்கள். பின்பக்கம் படுத்த பிறைகள், ஒன்றோடொன்று கோத்து. ஒரே கண்ணியின் இரண்டு பக்கங்கள். பார்த்தால் இரண்டு துணி என்று சத்தியம் செய்யலாம். பல நிறத்தில் சின்னம் பின்னினால், முன்னால் வேண்டாத நூலெல்லாம் பின்னால் போய் ஒதுங்கும். பலாக்லாவாவின் உட்புறத்தில், ஸ்வஸ்திகாவுக்கும் முயலுக்கும் பின்னால், அணிகிறவனின் கன்னத்தில் உரசும் பக்கத்தில், அந்த நூல்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். என்னிடம் உள்ள எந்தப் படமும் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.